குவாதலூப்பில் கரும்பலகைச் சாப்பாடு

லியோனில் இருக்கும் ஒரு குடும்பத் தலைவி கேட்டிருக்கிறார். பிப்ரவரி பள்ளி விடுமுறையில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியாருடன் கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குப் போகிறார்கள். தங்கும் விடுதி மூன்று வேளைச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரே விலை சொல்கிறது. போய் வந்தவர்களோ, கடற்கரையோரம் தகரக் கூரைக்குக் கீழே மெனு அட்டைகூட இல்லாமல் நடக்கும் சின்ன உணவகங்களில் சாப்பிடாமல் வந்தால் அந்தத் தீவுக்குப் போனதாகவே கணக்கில்லை என்கிறார்கள். சில நாள் திறந்திருக்குமாம், சில நாள் இருக்காதாம். கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றும் ஆகுமாம். மாமியார் சுத்த சைவம். விடுதியா, வெளியா என்பதுதான் கேள்வி.

காலை உணவை மட்டும் விடுதியில் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் கட்டாயம் வெளியே. இரவுக்கு விடுதி அறையில் சின்ன அடுப்படி இருந்தால் போதும். இதை நான் பொதுவாகச் சொல்லவில்லை, குவாதலூப்புக்கென்றே சொல்கிறேன். அந்தத் தீவின் சமையல் மதியச் சமையல். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்தான் அதன் உயிர் இருக்கிறது. மூன்று வேளைக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டால் அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் விடுதி பஃபேயில் பாஸ்தா தட்டோடு நின்றுகொண்டிருப்பீர்கள். கட்டிய காசு வீணாகுமே என்று திரும்பத் திரும்ப விடுதிக்கே ஓடி வருவீர்கள்.

அந்தக் கடைகள் ஏன் அப்படி நடக்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால் எரிச்சலே வராது. பெரும்பாலும் சமைப்பவர்தான் முதலாளி. காலையில் அவரே சந்தைக்குப் போகிறார், அல்லது கரைக்கு வரும் படகிலிருந்து மீன் வாங்குகிறார். சேந்துவாஸ் என்று அங்கே சொல்லும் அந்த வண்ணப் படகுகள் விடிகாலையில் போய் முற்பகலில் திரும்பும். அன்றைக்கு எது கிடைத்ததோ அதுதான் சமையல். அதனால்தான் மெனு அட்டை அச்சடிப்பதில்லை, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுகிறார்கள். ஒரு பானை கொலோம்போ (அந்த ஊர்க் கறிக்குழம்பு) தீர்ந்தால் அந்த வரியை அழித்துவிடுவார்கள். ஒன்றரை மணிக்குப் போய் உட்கார்ந்தால் பலகையில் பாதி அழிந்திருக்கும். பாத்திரம் கழுவி, அடுப்பை அணைத்து, மூன்று மூன்றரைக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். இரவு திறக்க இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆள் இல்லை. ஞாயிறு இரவும் திங்களும் நிறைய கடைகள் மூடியிருக்கும். ஆக, நினைத்தால் திறப்பு, நினைத்தால் மூடல் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றுவதற்குப் பின்னால் ஒழுங்கான ஒரு கணக்கு இருக்கிறது.

எனவே பன்னிரண்டேகாலுக்கே போய் உட்காருங்கள். காலையில் கடற்கரைக்குப் போகும் வழியிலேயே கடையை எட்டிப்பார்த்து, மதியம் ஐந்து பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. உள்ளே நுழையும்போது முதல் வேலை எல்லோரையும் பார்த்து ‘போன்ஷூர்’ சொல்வது. கடைக்காரரை மட்டும் பார்த்துச் சொன்னால் போதாது, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரிஸிலும் இது மரியாதைதான், ஆனால் தீவில் இதை இன்னும் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். வணக்கம் சொல்லாமல் ‘மேஜை இருக்கிறதா’ என்று ஆரம்பித்தால் பதில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், அது நியாயமும்கூட.

போர்-லூயி பக்கம் நான் போகும் ஒரு கடையைச் சொல்கிறேன். அது கிராந்த்-தேரின் வடமேற்கில் இருக்கும் மீனவர் ஊர். குவாதலூப்பை வண்ணத்துப்பூச்சி வடிவம் என்பார்கள். கிழக்குச் சிறகு கிராந்த்-தேர், சுண்ணாம்புப் பாறை, தட்டை நிலம், கரும்பு. மேற்குச் சிறகு பாஸ்-தேர், எரிமலை, மழைக்காடு, வாழைத் தோட்டம். நடுவில் உப்பாறு மாதிரி ஒரு குறுகிய கடல்வாய். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சுவரில் நீலப் பெயிண்ட், பிளாஸ்டிக் நாற்காலிகள், மேஜை மீது பூப்போட்ட மெழுகுத் துணி. வாசலுக்கு வெளியே எண்ணெய் பீப்பாயை நெடுக்கில் இரண்டாக வெட்டிச் செய்த அடுப்பில் கரி கனன்றுகொண்டிருக்கும். கோழிகள் மேஜைக்கு அடியில் நடக்கும். ரேடியோவில் ஸூக் என்கிற அந்தத் தீவுகளின் பாட்டு ஓடும். சமைக்கும் அம்மாள் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு நிற்பார். நீங்கள் வாய் திறப்பதற்குள், ‘இன்றைக்கு மீன் நன்றாக இருக்கிறது, அதைச் சாப்பிடுங்கள்’ என்பார். வேறு கேட்டால் தருவார், ஆனால் முகம் அவ்வளவு மலராது. நான் எப்போதும் அவர் சொல்வதைத்தான் சாப்பிடுகிறேன். அங்கே எடுக்கக்கூடிய மிக நல்ல முடிவு அதுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

முதலில் அக்ரா வரும். உப்பிட்ட காட் மீனை ஊறவைத்து, உப்பை இறக்கி, உதிர்த்து, வெங்காயத்தாள், பூண்டு, மிளகாயோடு மாவில் கலந்து எண்ணெயில் போட்டு எடுப்பது. நம் போண்டாவைவிடச் சின்னது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே ஏறக்குறைய கூழ். சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும், ஆறினால் ரப்பர். அக்ராவோடு பெரியவர்களுக்குத் தி-போன்ஷ். கரும்புச் சாற்றிலிருந்தே நேராக வடிக்கும் வெள்ளை ரம், ஒரு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் கரும்புச் சர்க்கரை, அவ்வளவுதான், ஐஸ் கிடையாது. பல கடைகளில் பாட்டிலையே மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள், ஊற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு. அந்த ரம்மில் ஆல்கஹால் பொதுவாக 50 டிகிரி, மரி-கலாந்த் தீவுடையது 59. கார் ஓட்டுபவர் தொட வேண்டாம். தீவில் கார் இல்லாமல் எங்கும் போக முடியாது, அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கொய்யாச் சாறு, மரக்குஜா என்கிற பாஷன் பழச் சாறு, புளிச்சாறு எல்லாம் கிடைக்கும். புளிச்சாற்றை உங்கள் மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும், பானகம் நினைவுக்கு வரும்.

மீன் கரியில் வெந்துகொண்டிருக்கும்போது அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்று அதற்கு ஊற்றும் சோஸ் ஷியன் என்கிற சாஸைச் செய்வார். அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். வெங்காயத்தாளைப் பொடியாக, ரொம்பப் பொடியாக அரிகிறார். வெங்காயம், பூண்டு, பார்ஸ்லி. மிளகாயில் ஒரு நகக்கண் அளவு, விதையை எடுத்துவிட்டு. உப்பு. எலுமிச்சையைப் பிழிகிறார். அதன் மேல் கொதிக்கும் வெந்நீரை ஒரு கரண்டி ஊற்றி மூடிவைக்கிறார். இரண்டு நிமிஷம் கழித்து எண்ணெய் சேர்த்துக் கலக்குகிறார். வதக்கலும் இல்லை, அரைப்பும் இல்லை. வெந்நீர் பட்டதும் பச்சை வாசனை பாதி அடங்கி, மீதி எழும்பி நிற்கும். சுட்ட சிவப்பு மீனைப் பிளந்து அதன்மேல் இதை ஊற்றிச் சாப்பிடும்போது, இவ்வளவு குறைந்த சாமானில் இவ்வளவு ருசியா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மிளகாய் விஷயத்தில் மட்டும் கவனம். அங்கே பொதுவாகச் சமையலில் காரம் குறைவு, தனியாகத் தட்டின் ஓரத்தில் ஒரு மிளகாய் விழுது வைப்பார்கள். நாம் காரம் தின்னும் ஆட்கள் என்கிற தைரியத்தில் ஸ்பூனால் எடுக்காதீர்கள். அது ஹபனேரோ இனம், வாசனை பழம் மாதிரி, காரம் நம் ஊசி மிளகாயைத் தாண்டும். ஃபோர்க் நுனியில் தொட்டால் போதும்.

காத்திருப்பு நீளும். நாற்பது நிமிஷம், சில சமயம் ஒரு மணி நேரம். ஒருவர் சமைத்து ஒருவர் பரிமாறும் இடத்தில் அதுதான் முறை. பிள்ளைகளைக் கடலில் விளையாட விட்டுவிட்டு, அக்ரா வந்ததும் கூப்பிடுங்கள், அப்புறம் மறுபடி அனுப்புங்கள். கையில் ரொக்கம் வைத்திருங்கள், சின்னக் கடைகளில் கார்டு எடுக்காத இடங்கள் நிறைய.

இனி கொலோம்போ. தமிழர்கள் குவாதலூப்பில் சாப்பிட்டே ஆக வேண்டிய ஒன்று இருந்தால் அது இதுதான், காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1848-இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பர் கடைசியில் ‘ஒரேலி’ என்ற கப்பல் முதல் கூலித் தொழிலாளர்களோடு புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் குவாதலூப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாகக் கப்பலேறியவர்கள் அதில் மிகுதி, தமிழ் பேசியவர்கள் ஏராளம். மொழி இரண்டு மூன்று தலைமுறையில் போய்விட்டது. குடும்பப் பெயர்களும், மாரியம்மன் வழிபாடும், சமையலும் நின்றன.

பாஸ்-தேரின் கிழக்குக் கரையில் காபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர் இருக்கிறது. அங்கே சான்ஜி என்ற இடத்தில் நெடுஞ்சாலையோரமே நம் ஊர்க் கோபுரச் சிற்பங்களோடு ஒரு கோயில் நிற்கும். அதே ஊர்க்காரர்தான் ஆன்ரி சிதம்பரம். இந்தியத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் கொடுக்க மறுத்தபோது 1904-இல் வழக்குப் போட ஆரம்பித்து, 1923-இல் அந்த உரிமையை வாங்கிக் கொடுத்தவர். பிரான்ஸில் வாழும் நம் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. கார்பே அருவிக்குப் போகும் வழியில்தான் இந்தக் கோயில் வருகிறது, ஆகவே தனியாக நாள் ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே பூஜை நாளில் வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலையில் சோறு போடுவார்கள். அப்படி ஒரு நாளில் நீங்கள் போக நேர்ந்து, உட்காரச் சொன்னால், தயங்காமல் உட்காருங்கள்.

கொலோம்போவை ஆட்டிறைச்சியில் கேளுங்கள். கோழியிலும் பன்றியிலும் செய்வார்கள், ஆனால் வெள்ளாட்டுக் கறியில்தான் அது முழுமையாகிறது. முதலில் எண்ணெயில் கடுகு, சீரகம், வெந்தயம் பொரிய விடுகிறார்கள். இந்த மூன்றையும் கலந்து சின்னப் பொட்டலமாகச் சந்தையில் விற்கிறார்கள். தாளிப்பு, கடல் கடந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கழிந்தும் அப்படியே இருக்கிறது. பிறகு எலுமிச்சை, பூண்டில் ஊறிய கறி, அப்புறம் மல்லி, மஞ்சள், சீரகம் சேர்ந்த கொலோம்போ பொடி. கத்திரிக்காய், பூசணி, சௌசௌ எல்லாம் துண்டு துண்டாக உள்ளே போகும். முடிவில் புளிப்புக்கு எலுமிச்சை, சிலர் மாங்காய். ருசி எப்படி இருக்கும் என்றால், முதல் வாயில் நம் வீட்டுக் குழம்பு, இரண்டாம் வாயில் வேறு ஊர். காரம் இல்லை, தேங்காய் இல்லை. அதற்குப் பதிலாக வெங்காயத்தாளும், தைமும், புவா தெந்த் என்ற ஒரு இலையின் கிராம்பு வாசனையும் இருக்கும். நம் குழம்போடு ஒப்பிட்டு மதிப்பெண் போடாதீர்கள். அது ஆப்பிரிக்க வம்சத்தாரும் இந்திய வம்சத்தாரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே தீவில் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டதில் பிறந்தது. இன்றைக்கு அது எல்லார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, இந்திய வம்சத்தாருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அதுதான் எனக்கு அதில் பிடித்தது.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உண்மையில் கஷ்டம் அங்கேதான். குவாதலூப் சமையலில் காய்கறி ஏராளம், ஆனால் சைவம் குறைவு. சிவப்பு பீன்ஸில் உப்பிட்ட பன்றித் துண்டு கிடக்கும். பருப்பிலும் அப்படித்தான். கீரை மசியலில் நண்டு இருக்கும். ‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் மீன் கொண்டுவந்து வைப்பவர்கள் உண்டு, அவர்கள் கணக்கில் மீன் என்பது இறைச்சி அல்ல. அதனால் ‘சான் வியாந்த், சான் புவாஸோன், சான் லார்தோன்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள், இறைச்சி, மீன், பன்றித் துண்டு மூன்றும் வேண்டாம் என்று. நீங்கள் பிரெஞ்சு பேசுபவர் என்பதால் சிரமம் இல்லை. அதைவிட நல்லது, காலையில் மேஜை சொல்லி வைக்கும்போதே இதையும் சொல்லிவிடுவது. சமைப்பவரே முதலாளி என்பதன் லாபம் இங்கேதான் தெரியும். ஒரு பாட்டி சைவம், அவருக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று காலையில் கேட்டால், பெரும்பாலும் மனசோடு செய்துகொடுப்பார்கள். மதியம் கூட்டத்துக்கு நடுவில் கேட்டால் வெறும் சோறும் தக்காளியும்தான்.

கேட்டால் என்ன கிடைக்கும்? சௌசௌவை வேகவைத்து, குடைந்து, மசித்து, மேலே சீஸ் போட்டு ஓவனில் வைத்த கிராத்தேன். அங்கே சௌசௌவுக்கு கிரிஸ்தோஃபின் என்று பெயர். கூட்டுக்கும் சாம்பாருக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்திப் பழகிய நமக்கு இது நல்ல புதுமை. முட்டையும் பாலும் மாமியார் சாப்பிடுவாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், சில வீடுகளில் மசியலில் முட்டை சேர்ப்பார்கள். வாழைக்காயைத் தட்டி இரண்டு தடவை பொரித்த வறுவல், சீமைப்பலா வேகவைத்தது, சேனை மாதிரிக் கிழங்குகள், சக்கரவள்ளி, வெள்ளரிக்காயை எலுமிச்சையும் பூண்டும் போட்டு நசுக்கிய சாலட், அவகாடோ. இவையெல்லாம் சேர்ந்தால் ஒரு நல்ல தட்டு. காய்கறி மட்டும் போட்ட கொலோம்போவும் சில கடைகளில் உண்டு. ரஸ்தாஃபாரி நம்பிக்கை உள்ளவர்கள் நடத்தும் ‘இதால்’ சாப்பாட்டுக் கடைகள் கண்ணில் பட்டால் கண்ணை மூடிக்கொண்டு நுழையுங்கள், அவை சைவம். காபெஸ்தேரில் சாலையோரம் மரவள்ளி மாவை இரும்புத் தட்டில் வார்த்து, உள்ளே இனித்த தேங்காயோ கொய்யா ஜாமோ வைத்து மடித்துத் தரும் கசாவ் ரொட்டி விற்பார்கள். சூடாகக் கையில் வாங்கித் தின்ன வேண்டும். கோயிலுக்குப் போகிற நாளில் மாமியாருக்கு அதுவே மதியச் சாப்பாடாகிவிடும்.

பாஸ்-தேரின் வடமேற்கில் தேயே என்ற ஊரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அங்கே தொலைக்காட்சியில் வந்த உணவகம் ஒன்று இருக்கிறதாமே என்று. ஆமாம். பிபிசியின் ‘டெத் இன் பாரடைஸ்’ துப்பறியும் தொடரை 2011-இலிருந்து அந்த ஊரில்தான் படம் பிடிக்கிறார்கள். அதில் காத்ரீனின் பார் என்று வருவது நிஜத்தில் தண்ணீரை ஒட்டி நிற்கும் ‘லே மத்ராஸ்’ உணவகம். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் சாதாரண உணவகமாக நடக்கிறது. தொடரைப் பார்த்தவர்கள் கூட்டமாக வருவார்கள், ஆகவே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். என் அபிப்பிராயம், அந்த விரிகுடாவின் காட்சிக்காகவே ஒரு தடவை உட்காரலாம். அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு சங்கதி இருக்கிறது. சென்னைப் பக்கத்தில் நெய்து ஐரோப்பியக் கப்பல்களில் போன கட்டம் போட்ட பருத்தித் துணிதான் அந்தத் தீவுகளில் மத்ராஸ் துணி. பெண்கள் அதைத் தலைக்குக் கட்டி, பாவாடையாகத் தைத்து, இன்று அது குவாதலூப்பின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மேஜை விரிப்பு, ஏப்ரன், கரும்பலகையைச் சுற்றிய ரிப்பன், எங்கே பார்த்தாலும் நம் லுங்கிக் கட்டம். ஆகஸ்டில் புனித லொராந்த் திருநாளை ஒட்டி புவாந்த்-ஆ-பித்ரில் சமையல்காரப் பெண்களின் திருவிழா நடக்கும். 1916-இல் தொடங்கிய அவர்கள் சங்கத்தின் பெண்கள் மத்ராஸும் தங்க நகையும் அணிந்து, உணவுக் கூடைகளோடு தேவாலயத்தில் பூசை கண்டு, தெருவில் ஊர்வலம் வருவார்கள். சமைப்பவர்களுக்கென்று ஒரு ஊரே வழிவிட்டு நிற்கும் இந்த மரியாதையைத் தெரிந்துகொண்டால், போர்-லூயி அம்மாள் ஏன் அவ்வளவு நிச்சயத்தோடு ‘இதைச் சாப்பிடுங்கள்’ என்கிறார் என்பதும் புரியும்.

இரண்டு எச்சரிக்கை. லாம்பி என்கிற பெரிய சங்குச் சதையின் மீன்பிடிப் பருவம் ஜனவரி முடிவோடு முடிகிறது. பிப்ரவரியில் நீங்கள் சாப்பிடுவது உறைய வைத்ததாகத்தான் இருக்கும். கெட்டதில்லை, ஆனால் ‘இன்று பிடித்தது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று கொஞ்சம் வேதனையான விஷயம். வாழைத் தோட்டங்களில் 1972-இலிருந்து 1993 வரை குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். பிரான்ஸில் 1990-இலேயே தடை செய்த மருந்து, தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து மேலும் மூன்று வருஷம் ஓட்டினார்கள். அது பாஸ்-தேரின் தெற்குப் பக்க மண்ணிலும் ஆற்றிலும் இன்னும் இருக்கிறது. ஆற்று மீனும் ஆற்று இறாலும் பிடிக்கக் கூடாது என்று அங்கே பல இடங்களில் தடை. கடைகளில் வாசூ என்று வரும் பெரிய நன்னீர் இறால் நல்ல ருசி. அது பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஒழுங்கான கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அங்குள்ளவர்களே தினமும் கேட்கிற கேள்வி அது.

பிப்ரவரியில் திருவிழாக் காலமும் சேர்ந்து வரும். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் கார்னிவல் ஊர்வலம், சாலைகள் மூடல், கடைகள் பாதி மூடல். அந்த நாட்களில் பெரிய ஊர்களை விட்டுவிட்டு லே சேந்த் தீவுக்குப் போய்விடுங்கள். த்ருவா-ரிவியேரிலிருந்து படகு, அரை மணிகூட ஆகாது. தேர்-தெ-ஓவில் இறங்கியதும் படகுத்துறையிலேயே பெண்கள் கூடையில் ‘தூர்மான் தமூர்’ விற்பார்கள். உள்ளே தேங்காய் ஜாம், மேலே மிருதுவான கேக், அடியில் மொறுமொறு மாவு. வெதுவெதுப்பாக இருக்கும்போதே வாங்குங்கள், மாலை திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கூடை காலியாகியிருக்கும்.

இரவுக்குப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது பொக்கிட். மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்து, உப்பியதைப் பிளந்து, உள்ளே கோழியோ, சூரை மீனோ, முட்டையோ, காய்கறியோ அடைத்துத் தருவார்கள். நம் பூரியைத் தடியாகச் செய்து சாண்ட்விச் ஆக்கிய மாதிரி இருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் சாலையோர வேன்களில் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும். எந்த வேன் முன்னால் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்களோ அங்கே நில்லுங்கள். ஒன்றே ஒரு பெரியவருக்கு வயிறு நிறைந்துவிடும், பிள்ளைகளுக்குப் பாதியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். மாமியாருக்கு முட்டை இல்லாமல் தக்காளி, கீரை, சீஸ் மட்டும் வைத்துத் தரச் சொன்னால் தருவார்கள். ஆனால் அதே எண்ணெயில்தான் அக்ராவும் பொரிந்திருக்கும். அவருக்கு அது ஒத்துவராது என்றால் அன்றைக்கு அறையில் தயிர்சாதம் கிளறிவிடுங்கள். அரிசியும் தயிரும் எந்த சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். பெருங்காயமும் ஊறுகாயும் மட்டும் லியோனிலிருந்து எடுத்துப்போங்கள்.